அம்மா, என்னிடம் இன்னும் கொஞ்சம் இன்சுலின் மிச்சம் இருக்கிறது

பருத்திக்குன்றத்துக் கோயிலில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று சுற்றிக்கொண்டே போய், இன்னும் திரும்பிப் பார்க்காத என் அம்மாவுக்கு,

சுமதி எழுதுகிறேன். செவிலிமேட்டு வீட்டில், சமையலறை வாசலில் கிடக்கும் உன் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வெளிச்சம் போய்விட்டது. தெருவிளக்கு போட்டுவிட்டார்கள். பக்கத்து ஸ்டூலில் ஒரு தட்டு, தட்டில் தயிர்ச்சாதம். பொழுது போன பிறகு இவளுக்கு எதற்குச் சாதம் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குக் கோபம் வந்தாலும் சரியான இடத்தில் வரும்.

இதை நம் வீட்டார் மட்டும் படிக்கப்போவதில்லை. அதனால் உனக்குத் தெரிந்ததையும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், சலித்துக்கொள்ளாதே. நாம் தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை என்பது நம்மில் பலர் காக்கிற விரதம். விளக்கைத் தேடி வருகிற பூச்சிக்கும் உயிர் உண்டு, அது நம் சோற்றில் விழுந்து சாகக்கூடாது. நீ அதை ஒருநாளும் விட்டதில்லை. சாயங்காலமானால் வாசலில் வந்து நின்று உள்ளங்கையை விரித்துப் பார்ப்பாய். ரேகை தெரிந்தால் சாப்பாடு. தெரியாவிட்டால் மறுநாள் காலைதான். கடிகாரத்தை நீ நம்பியதே இல்லை.

சாக்குச் சொல்கிறவர்களையும் உனக்குப் பிடிக்காது. மாமா ஒருமுறை ஏழு மணிக்கு இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு, "மேற்கால இன்னும் செவப்பாத்தான் இருக்குது அக்கா" என்று சொன்னார். நீ அவருக்குப் பரிமாறினாய். அவர் கை கழுவி வந்ததும், "பசிச்சுது, சாப்ட்டேன்னு சொல்லுடா. அதுல தப்பு கம்மி. சூரியனை ஏன்டா பொய்ச்சாட்சிக்குக் கூப்புடறே?" என்று கேட்டாய். மாமா அதற்கப்புறம் நம் வீட்டில் இரவு தங்கியதே இல்லை.

நான் அப்படியெல்லாம் உறுதியானவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். கல்யாணமாகி, பட்டுக்கடை வேலைக்குப் போய், கடை மூடி வீடு வந்து ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள்தான் நான். நீ ஒரு வார்த்தை கடிந்ததில்லை. உன் விரதம் உனக்கு, என் பிழைப்பு எனக்கு என்று இருந்துவிட்டாய். நான்தான் நீ கிடந்த ஆஸ்பத்திரியில் வந்து மாட்டிக்கொண்டேன்.

அந்தக் கடைசி நாளை நீ அறிந்தாயோ இல்லையோ. மூக்கிலும் வாயிலும் காற்றுக் குழாய் வைத்திருந்தார்கள். போகிறவரின் மனம் குளிர, உறவுக்காரர்கள் பக்கத்தில் நின்று, இன்னதை இனி விடுகிறேன் என்று ஏதாவது ஒரு நியமம் எடுத்துக்கொள்வது நம் வீட்டு வழக்கம். தம்பி உருளைக்கிழங்கை விடுகிறேன் என்றான். அவனுக்கு உருளைக்கிழங்கு சின்ன வயதிலிருந்தே பிடிக்காது என்பது உனக்கும் எனக்கும் தெரியும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உன் காதருகே குனிந்து, "நானும் இனிமே பொழுது போனா சாப்பிட மாட்டேம்மா, உயிர் இருக்கற வரைக்கும்" என்றேன். நீ என் கையை அழுத்தினாய். தலையையும் லேசாக ஆட்டினாய்.

அது சரி என்றதா அம்மா? இல்லை, வேண்டாம்டி என்றதா? குழாய் இருந்தது, உன்னால் பேச முடியவில்லை. நான் கேட்கவும் இல்லை. சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது அதுதான் வேண்டியிருந்தது.

சொன்னால் சொன்னபடி இருந்தேன். டப்பாவில் இட்லியோ சாதமோ எடுத்துப்போய், கடையில் சரக்கு அடுக்கி வைக்கிற அறையில் ஐந்தரை மணிக்கு உட்கார்ந்து சாப்பிடுவேன். என்னோடு கடையில் நிற்கிற ரெஹானாவை உனக்குத் தெரியும். உன் காரியத்துக்கு வந்து, யாரும் சொல்லாமலே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாளே, அவள்தான். ரம்ஜான் மாதத்தில் அவள் என் டப்பாவைப் பார்த்துச் சிரிப்பாள். "எங்களுக்கு இருட்டினாத்தான் சோறு. உங்களுக்கு இருட்டினா சோறு இல்ல. நாம ரெண்டு பேரும் ஒரே ஆளா பொறந்திருந்தா பட்டினியிலேயே போய்ச் சேர்ந்திருப்போம்" என்பாள்.

நீ போய் ஒரு வருஷம் ஆவதற்குள் நான் இளைத்தேன். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆயிற்று. பார்த்தவர்கள் எல்லாம், "விரதம் இருந்தா உடம்பு எவ்ளோ அழகா வத்திப்போவுது பாரு" என்று மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தாகம் எடுத்து எடுத்துத் தண்ணீர் குடித்ததை வெயில் என்று நினைத்தேன். கடையில் ஒருநாள் தலை சுற்றி உட்கார்ந்தபோதுதான் உன் மாப்பிள்ளை என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

சர்க்கரை என்றார்கள். உனக்கும் இருந்தது, மாத்திரை போட்டாய், நடந்தாய், சமாளித்தாய். எனக்கும் அப்படித்தான் என்று மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரை கேட்கவே இல்லை. பிறகுதான் டாக்டர் வேறு ரத்தப் பரிசோதனைகள் எழுதினாள். சின்ன வயசு, உன் பேத்தி நிவேதாவுக்கு அக்கா மாதிரி இருப்பாள். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"உங்க அம்மாவுக்கு இருந்தது வேறம்மா. அவங்களுக்கு இன்சுலின் இருந்துச்சு, சரியா வேலை செய்யல. உங்களுக்கு இன்சுலினே கொறைஞ்சுக்கினு வருது. உங்க உடம்பே உங்க கணையத்தை எதிரின்னு நெனைச்சு அழிக்குது. மெதுவாத்தான் நடக்குது. ஆனா நிக்காது."

எறும்பு ஊரும் பாதையில் கால் வைக்காமல் தாண்டிப் போகிற வீட்டில் பிறந்தவள் நான். என் ரத்தத்துக்கு அந்தப் புத்தி இல்லாமல் போயிற்றே அம்மா. அன்றைக்கு டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்காமலே போய்விட்டார்.

அந்தப் பரிசோதனைக்கு சி-பெப்டைட் என்று பேர். கேட்டால் என்னவோ போல இருக்கும், விஷயம் எளிதுதான். உடம்பு இன்சுலின் செய்யும்போது ஒவ்வொன்றோடும் ஒரு துண்டு கழன்று வருமாம். அந்தத் துண்டால் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை, ரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஊசியில் போடுகிற இன்சுலினில் அந்தத் துண்டு கிடையாது. அதனால் அதை அளந்தால், உடம்பு தானாக எவ்வளவு இன்சுலின் செய்கிறது என்று தெரிந்துவிடும். நீ மார்கழியில் மொச்சையை ஊறவைத்துப் பிதுக்குவாயே, முற்றத்தில் கிடக்கிற தோலைப் பார்த்தே அப்பா, இன்றைக்குக் குழம்பில் பருப்பு நிறைய என்று சொல்லிவிடுவாரே, அந்த மாதிரி.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றாள் டாக்டர். எதற்கு என்று கேட்டேன். எப்படியும் குறையப்போகிறது, அதைக் குத்திக் குத்திப் பார்ப்பானேன்?

"மிச்சம் இருக்கற வரைக்கும் உங்களுக்கு ஒரு சவுகரியம் இருக்குதும்மா. உடம்பு தானா கொஞ்சம் பாத்துக்கும். காலையில ஒரு ஊசி போதும். நீங்க சாயங்காலமே சாப்ட்டு முடிச்சிட்டாலும் சமாளிச்சுக்கலாம். அது ரொம்பக் கொறைஞ்சு போச்சுன்னா வேளைக்கு வேளை ஊசி. சர்க்கரை எப்ப ஏறும், எப்ப எறங்கும்னு சொல்ல முடியாது. ராத்திரியில எறங்கினா அந்த நிமிஷமே வாயில எதையாவது போட்டாகணும். விரதம்னு சொல்லிக்கினு படுத்திருக்க முடியாது."

புரிகிறதா அம்மா? என் விரதத்துக்கு எவ்வளவு ஆயுள் என்று அந்த எண்தான் சொல்லும். அன்றிலிருந்து எனக்கு ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அந்த எண். நடுவில் நான்.

முதல் தடவை எடுத்தபோது பரவாயில்லை என்றார்கள். அடுத்த தடவை கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்கடுத்த தடவை இன்னும் இறங்கியிருந்தது. பிள்ளையார்பாளையம் போகிற வழியில் இருக்கிற லேபில் ரத்தம் கொடுத்தால், அதை சென்னைக்கு அனுப்பி, இரண்டு மூன்று நாளில் செல்போனுக்கு முடிவு வரும். அந்த நாட்களில் நான் மனுஷியாக இருக்கமாட்டேன். போன் சத்தம் கேட்டாலே கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். கடையில் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருப்பேன், கஸ்டமர் விலை கேட்பார், எனக்குக் காதில் விழாது. யாரிடம் போய்ச் சொல்வது? டாக்டரிடம் விரதத்தை விடமுடியாது என்று சொல்ல வெட்கம். உறவுக்காரர்களிடம் விரதத்தை விடப்போகிறேன் என்று சொல்ல அதைவிட வெட்கம். உன்னிடம் சொல்லலாம் என்றால் நீ படத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டாய்.

தை முகூர்த்தத்துக்குக் கடையில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன தைக்கு ஆந்திராவிலிருந்து ஒரு கல்யாணக் குடும்பம், பத்துப் பதினைந்து பேர், மத்தியானம் வந்து உட்கார்ந்தார்கள். நான் மெத்தையின் நடுவில். இந்தப் பக்கம் விரித்த சேலைகள், அந்தப் பக்கம் விரித்த சேலைகள், முன்னால் அவர்கள், முதுகுக்குப் பின்னால் அலமாரி. பெண்ணின் அம்மா ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, "இன்கோகட்டி சூபிஞ்சம்மா" என்று இன்னொன்று, இன்னொன்று கேட்டுக்கொண்டே இருந்தார். எழுந்து போக வழியே இல்லை. கடைக்குள் ஜன்னல் கிடையாது, பொழுது தெரியாது. அவர்கள் ஒருவழியாக எழுந்தபோது வாசலுக்கு ஓடிவந்து கையை விரித்துப் பார்த்தேன். ரேகை தெரியவில்லை.

காலையில் ஊசி போட்டாயிற்று, சாயங்காலச் சாப்பாடு போயிற்று. கொஞ்ச நேரத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. சரக்கு அறையில் போய் உட்கார்ந்து விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. வேர்த்துக் கொட்டியது. மடியில் சாப்பாட்டு டப்பா, அதன்மேல் என் கை. திறக்கவில்லை. ரெஹானா டம்ளரில் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"குடி சுமதி."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"எங்கள்ல உடம்பு முடியாதவங்களுக்கு நோன்பே கெடையாதுடி. உங்க சாமி என்ன, எங்க அல்லாவைவிடக் கோவக்காரரா?"

"சாமி இல்ல ரெஹானா. எங்க அம்மா."

அவள் டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டு, நம் நிவேதாவுக்குப் போன் பண்ணப் போனாள். நான் சேலைக் கட்டுகளுக்கு நடுவில் சாய்ந்து கிடந்தேன். எப்படியோ அன்றைக்கு அது தானாகவே மெல்ல ஏறிவிட்டது. உன் புண்ணியம் என்று நான் சொன்னேன். டாக்டர் வெறும் அதிர்ஷ்டம் என்றாள், அதையும் கோபமாகச் சொன்னாள்.

உன் பேத்தி வந்து என்னை ஆட்டோவில் கூட்டிப்போனாள். அவளுக்கு இப்போது பதினேழு வயது அம்மா, உன்னைப் போலவே மூக்கு சிவக்கும். வீட்டு வாசலில் இறங்கிய பிறகு சொன்னாள்: "ஆயாவுக்கு நீ பண்ண பிராமிஸ் அது. ஓகே. ஆனா அதுக்கு நான் ஏம்மா அம்மா இல்லாம இருக்கணும்? நீயாவது நாப்பது வயசு வரைக்கும் உங்க அம்மாவோட இருந்தே."

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நான் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

அடுத்து வந்தது மறுபடியும் அந்தப் பரிசோதனை. இந்தத் தடவை எண் இறங்கக்கூடாது, இறங்கினால் எல்லாம் முடிந்தது என்று எனக்குப் பயம். பயம் வந்தால் நம் வீட்டில் என்ன செய்வோம்? விரதத்தைக் கூட்டுவோம். ரத்தம் கொடுக்கிறதற்கு முந்தின நாள் நம் விரத நாளான சதுர்த்தசி வேறு. எண் நல்லபடியாக வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஒருபொழுது இருந்தேன். காலையில் மட்டும் கொஞ்சம் சாப்பிட்டதோடு சரி. மறுநாள் விடிந்ததும் நேராக லேபுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பருத்திக்குன்றத்துக்குப் போய், அபிஷேகம் முடிகிறவரைக்கும் நின்று, சுற்றிவந்து கும்பிட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் போனேன். பிராகாரத்தில் இரண்டு தடவை கண் இருட்டியது. பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

லேபில் இருக்கிற பெண் கேட்டாள்: "சாப்பிடாமத்தானே வந்திருக்கீங்கம்மா? ராத்திரி சாப்பிட்ட பிறகு எட்டு மணி நேரம் ஆயிருந்தா போதும்."

"நேத்து காலையிலேருந்தே சாப்பிடலம்மா" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் புருவத்தைத் தூக்கிவிட்டு ஊசியைக் குத்தினாள். பட்டினி கூடக்கூடப் பலன் கூடும் என்பது நம் வீட்டுக் கணக்கு. ரத்தத்துக்கும் அதே கணக்கு என்று நான் நினைத்திருக்கிறேன் பார்.

முடிவு வந்தது. கடையில் வைத்துத்தான் பார்த்தேன். அம்மா, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பது போல ஒரு எண். அதன் பக்கத்தில் கீழே போகிற அம்புக்குறி. நான் அன்றைக்கு எத்தனை சேலை விரித்தேன், எத்தனை மடித்தேன் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து உன் படத்துக்கு முன்னால் நின்றேன். உன்னைத் திட்டினேன். இந்த வீட்டில் யாரும் உன்னைத் திட்டியதில்லை, நான் திட்டினேன். கையை ஏன் அழுத்தினாய், தலையை ஏன் ஆட்டினாய், சும்மா கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று கேட்டேன். உன் மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து வந்தவர், செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக, "நாளைக்கு லீவு போட்டுடறேன், டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

டாக்டர் ரிப்போர்ட்டை மேலும் கீழும் பார்த்தாள். அந்த எண்ணைப் பார்க்கவில்லை. அதே ரத்தத்தில் எடுத்த சர்க்கரை அளவு பக்கத்தில் இருந்ததே, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி கடைசியா எப்ப சாப்ட்டீங்க?"

சொன்னேன். சதுர்த்தசி, ஒருபொழுது, அபிஷேகம், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"ஊசியையும் போட்டுக்கினு, நாள் முழுக்கப் பட்டினியும் கெடந்திருக்கீங்க. ரத்தத்துல சர்க்கரையே இல்லம்மா. சர்க்கரை இல்லாதப்ப கணையம் எதுக்கு வேலை செய்யும்? அது சும்மா உக்காந்திருக்குது. அதைப் பாத்து நீங்க செத்துப்போச்சுன்னு நெனைச்சுட்டீங்க."

"அப்ப எண் தப்பா?"

"எண் சரிதான். கேட்ட நேரம் தப்பு."

எனக்குச் சிரிப்பு வந்தது அம்மா. கூடவே அழுகையும் வந்தது. எந்த எண் கூடவேண்டும் என்று பட்டினி கிடந்தேனோ, அந்தப் பட்டினியே அதை இறக்கிவிட்டது. முந்தின நாள் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி கொடுங்கள் என்று சீட்டு எழுதினாள். அங்கேயே உட்காரவைத்து ஏதோ குடிக்கக் கொடுத்து, கொஞ்ச நேரம் விட்டு ரத்தம் எடுப்பார்களாம். கணையம் வேலை செய்யும்போது அது என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கு.

அதையும் போன வாரம் எடுத்தேன். இன்றைக்குக் காலையில் முடிவு வந்தது, மத்தியானம் டாக்டரைப் பார்த்தேன். அதைத்தான் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன், இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சந்தோஷமாகத்தான் ஓடினேன். ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை.

"இருக்குதும்மா. பயந்த மாதிரி இல்ல. ஆனா போன வருஷத்துக்கு இப்ப பாதிதான். காலையில ஒரு ஊசின்னு இனிமே ஓட்ட முடியாது. சாப்பாட்டுக்குச் சாப்பாடு ஊசி. இருக்கற மிச்சத்தைக் காப்பாத்தணும்னாலும் அதான் வழி."

நான் தலையாட்டினேன். அவள் சீட்டு எழுதவில்லை. என்னையே பார்த்தாள்.

"ராத்திரியில சர்க்கரை எறங்கினா சாப்பிடுவேன்னு நீங்க எனக்குச் சொல்லணும். சொல்லாம இந்த ஊசியை நான் எழுத மாட்டேன். எழுதினா நானே உங்களைக் கொன்ன மாதிரி."

அந்த அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு காலண்டர். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவையே பார்த்தேன். ஊசி வேண்டாம் என்று எழுந்து போனால் சர்க்கரை ஏறி, கண்ணோ சிறுநீரகமோ போகும். சரி என்றால் உனக்குச் சொன்ன சொல் போகும். அவளே ஒரு வழி சொன்னாள்.

"அது சாப்பாடு இல்லன்னு நெனைச்சுக்கங்கம்மா. மருந்துன்னு வெச்சுக்கங்க. மருந்துக்கு விரதம் கெடையாதே."

நல்ல பெண். எனக்காகத்தான் சொன்னாள். நம்மவர்களிலும் நியமம் எடுக்கும்போதே மருந்து நீங்கலாக என்று சொல்லி எடுக்கிறவர்கள் உண்டு, அது தப்பே இல்லை. நான்தான் ரோஷத்தில் உயிர் இருக்கிறவரைக்கும் என்று சொல்லித் தொலைத்தேன். அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் ஆசையாகப் பார்த்தேன் அம்மா. தயிர்ச்சாதத்தை மருந்து என்று சொல்லலாம். இட்லியை மருந்து என்று சொல்லலாம். அப்புறம் மாமாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. "மேற்கால இன்னும் செவப்பாத்தான் இருக்குது அக்கா."

மாட்டேன். உன்னிடம் அந்தச் சாக்கோடு வரமாட்டேன். பசித்தது, சாப்பிட்டேன் என்று சொல்கிறவனுக்குத் தப்பு கம்மி என்று நீதானே சொன்னாய்?

"சாப்பிடறேன் டாக்டர்" என்றேன். "சாப்பாடாவே சாப்பிடறேன். எழுதுங்க."

இந்த வாக்கை நான் முறிக்கிறேன் அம்மா. டாக்டர்மேல் பழியைப் போட்டு முறிக்கவில்லை, நான் மறந்துபோய் முறிக்கவில்லை, மருந்து என்று பேர் வைத்தும் முறிக்கவில்லை. தெரிந்தே, உன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே முறிக்கிறேன். கஷ்டமாக இருக்கிறது. உனக்கு நான் கொடுத்த கடைசிப் பொருள் அது. அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

இதோடு விடுதலை வந்துவிடும் என்றும் நினைக்காதே. இனிமேல் சாப்பாட்டுக்குச் சாப்பாடு ஊசி, விரலில் குத்தல், தலைமாட்டில் குளுக்கோஸ் டப்பா. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அந்த லேப், மறுபடி அந்தப் போன் சத்தம். அது இறங்கத்தான் போகிறது. ஒருநாள் நிஜமாகவே ஒன்றுமில்லை என்று வரும். அன்றைக்கும் நான் கடைக்குப் போகவேண்டும், சேலை விரிக்கவேண்டும். கதவு திறக்கவில்லை அம்மா. உள்ளே கொஞ்சம் தள்ளி உட்கார இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

நிவேதா உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். "எவ்ளோ நேரம்மா எழுதுவே? ஊசி போட்டாச்சு இல்ல, சாதம் காயுது பாரு." அவளுக்கு நான் யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியும். அதனால்தான் கிட்டே வராமல் சமையலறையிலேயே நிற்கிறாள். அவளுக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு, நான் ஆரம்பித்தால்தான் ஆரம்பிப்பேன் என்று நிற்கிறாள். உன் பிடிவாதம்.

இப்போதுதான் வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன். தெருவிளக்குக்கு முதுகைக் காட்டி, நீ விரிப்பது போலவே உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். ரேகை தெரியவில்லை. விரல் நுனியில் குத்திக் குத்திக் கறுத்த புள்ளிகளும் தெரியவில்லை. நன்றாக இருட்டிவிட்டது. நான் சூரியனைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை, பார்த்துக்கொள்.

திரும்பி வந்து விளக்குக்குக் கீழே ஒரு வலைத்தட்டை எடுத்துச் சோற்றை மூடி வைத்திருக்கிறேன். பூச்சி விழாது. அந்தப் பாதியையாவது காப்பாற்றுகிறேன்.

ஒரு வாக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டவள் வெறும் கையோடு போகக்கூடாது. அதனால் வேறொன்று தருகிறேன், இந்தத் தடவை ரோஷத்தில் இல்லை. ரத்தம் கொடுக்கப் போகும்போது இனி எண்ணுக்காக வேண்டிக்கொண்டு வயிற்றைக் காயப்போடமாட்டேன். இந்த உடம்பு பசிக்கிறது என்றால் எந்த வேளையானாலும் சோறு போடுவேன். நிவேதாவுக்கு நாற்பது வயது ஆகும்வரை, அவள் கூப்பிட்டால் என்ன என்று கேட்கிற தூரத்தில் இருப்பேன். நீ இதற்குத் தலையாட்ட வேண்டாம். கையையும் அழுத்த வேண்டாம். கேட்டுக்கொண்டால் போதும்.

வலைத்தட்டை எடுக்கிறேன் அம்மா.

பொழுது போன பிறகும் பசிக்கிற உன் மகள்,
நிவேதாவின் அம்மா,
சுமதி